சிவகாசி அறிந்த உலோகத்தில் ஒரு பந்தயச் சக்கரம்

பழைய பந்தயக் காரை மீட்டெடுக்கும் வேலையில் எஞ்சின்தான் பெரிய தலைவலி என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். எஞ்சினுக்கு எப்படியும் ஒரு வழி பிறந்துவிடும். அளவைச் சொன்னால் கோயம்புத்தூர் லேத் பட்டறைகளில் பிஸ்டனும் புஷ்ஷும் கடைந்து வாங்கிவிடலாம். நசுங்கிய தகட்டைத் தட்டி நேராக்க நல்ல டிங்கர் கைகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. வேலை முடங்கிப் போவது சக்கரத்தில்தான். நான்கில் ஒன்று விரிசல் விட்டிருக்கும், ஒன்று உப்புப் பூத்து அரித்திருக்கும், ஒன்று காணாமலே போயிருக்கும். அதே அளவில், அதே அச்சில் இன்னொன்று வேண்டுமென்றால் உலகம் முழுக்கத் தேட வேண்டும்.

இதற்கும் பட்டாசுக்குப் பெயர்போன சிவகாசியைக் கொண்ட விருதுநகர் மாவட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அந்தச் சக்கரம் மெக்னீசியத்தில் வார்த்தது. வாணவேடிக்கையில் கண்ணைக் கூச வைக்கும் அந்த வெள்ளை ஒளிக்குப் பின்னால் இருப்பதும் இதே உலோகம்தான். சக்கரம் ஏன் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் ஏன் உடனே மாட்டக் கூடாது, புதிதாக எப்படி வார்ப்பது என்ற கேள்விகளுக்கு விடை சொல்லும் வேதியியல், சிவகாசி வட்டாரத்தில் அன்றாடம் புழங்குகிற வேதியியல்.

தமிழ்நாட்டின் பந்தய வரலாறு சோழவரத்தில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது; அதன் பிறகு பல பத்தாண்டுகள் சென்னைக்காரர்களுக்கு ரேஸ் என்றால் சோழவரம்தான். ஃபியட்டும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் எடை குறைக்கப்பட்டு ஓடிய அதே தளத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த அசல் பந்தயக் கார்களும் ஓடின. விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரை அங்கே ஓட்டியதைப் பார்த்தவர்கள் இன்றும் அதைப் பேசுவார்கள். கோயம்புத்தூரின் கரிவரதன் பந்தயம் ஓட்டியதோடு நிற்காமல், மாருதி எஞ்சினை வைத்து உள்ளூரிலேயே ஃபார்முலா கார்களைக் கட்டினார். 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தளம் வந்ததும் சோழவரம் ஓய்ந்தது. அந்தக் காலத்து வெளிநாட்டுக் கார்களோடு உதிரிச் சக்கரங்கள் அதிகம் வரவில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம். வந்த சிலவும் பந்தயத்திலேயே தேய்ந்து, உடைந்து, கடைசியில் பழைய இரும்புக் கடைக்குப் போயின.

பந்தயக் கார் கட்டுபவர்களை மெக்னீசியத்தின் பக்கம் இழுத்தது எடை. தண்ணீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால் இரும்பு 7.87, அலுமினியம் 2.70, மெக்னீசியம் 1.74. கட்டுமானத்துக்குப் பயன்படும் பொது உலோகங்களில் இதைவிட லேசானது கிடையாது. சக்கரத்தில் குறையும் எடைக்கு மற்ற இடங்களில் குறையும் எடையைவிட மதிப்பு கூடுதல். கார் முன்னே போகும்போது சக்கரமும் முன்னே போகிறது. அதே நேரத்தில் சுழலவும் செய்கிறது. இரண்டுக்கும் எஞ்சின் ஆற்றல் தர வேண்டும். விளிம்பில் இருக்கும் 1 கிலோ, வேகமெடுக்கும்போது ஏறக்குறைய 2 கிலோவாகக் கணக்காகும். ஒவ்வொரு விளிம்பிலும் 3 கிலோ குறைத்தால் நான்குக்கும் சேர்த்து 12 கிலோ. எஞ்சினுக்கு அது 24 கிலோ இறக்கியதற்குச் சமம். ஸ்பிரிங்குக்குக் கீழே எடை குறைவாக இருந்தால் டயர் மேடுபள்ளத்தில் துள்ளாமல் தரையைப் பிடித்துக்கொள்ளும் என்பது அதற்கு மேல் கிடைக்கும் லாபம்.

மெக்னீசியம் அலுமினியத்தைவிட விறைப்பு குறைந்தது, பிறகு சக்கரம் எப்படித் தாங்குகிறது என்ற சந்தேகம் நியாயமானது. விறைப்பில் அலுமினியம் 70 என்றால் மெக்னீசியம் 45தான். ஆனால் லேசாக இருப்பதால் அதே எடைக்குத் தகட்டை 1.55 மடங்கு தடிமனாக வார்க்கலாம். தகடு வளைவதை எதிர்க்கும் திறன் தடிமனின் மூன்றாம் அடுக்காகக் கூடும். கணக்குப் போட்டால், ஒரே எடையுள்ள இரு தகடுகளில் மெக்னீசியத் தகடு வளைவதற்கு ஏறத்தாழ 2.4 மடங்கு அதிகமாக முரண்டு பிடிக்கும். அந்தக் காலத்து மெக்னீசியச் சக்கரங்கள் பார்வைக்குப் பருமனாகவும், தூக்கினால் கை ஏமாறும் அளவுக்கு லேசாகவும் இருப்பது இதனால்தான்.

கம்பி ஆரச் சக்கரத்திலிருந்து வார்ப்புச் சக்கரத்துக்கு மாறிய கதையை 1924இல் லியோன் பந்தயத்துக்கு வந்த புகாட்டி 35ஆம் வகைக் காரிலிருந்து தொடங்குவது வழக்கம். அது அலுமினியச் சக்கரம். அமெரிக்காவில் டெட் ஹாலிபிராண்ட் இண்டியானாபோலிஸ் கார்களுக்கு மெக்னீசியத்தில் வார்த்தார். பிரிட்டனில் லோட்டஸ் நிறுவனம் 1950களின் பிற்பாதியில் ஆரமே இல்லாத, அலையலையாக நெளிந்த தட்டு வடிவத்தில் ஒரு சக்கரத்தைக் கொண்டுவந்தது. அந்த நெளிவு அழகுக்காக வந்ததென்று நினைக்க வேண்டாம். கூர்மையான மூலையில் அழுத்தம் குவியும், குவிந்த இடத்தில் விரிசல் பிறக்கும். மூலையே இல்லாத வடிவம் அதற்கு மருந்து. மினி கார்களுக்கு வந்த மினிலைட், இத்தாலியின் கம்பக்னோலோ எல்லாம் 1960களில் பின்தொடர்ந்தன.

இந்த உலோகம் சிவகாசியில் செய்யும் வேலைக்கு வருகிறேன். பட்டாசுத் தொழிலில் அலுமினியப் பொடிதான் அதிகம் புழங்குகிறது. மெக்னீசியம் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. அலுமினியத்தோடு பாதிக்குப் பாதி சேர்த்து உருக்கிய மக்னாலியமாக வருகிறது. இதில் ஒரு வேடிக்கையான இயல்பு உண்டு. மெக்னீசியமும் இழுபடும், அலுமினியமும் இழுபடும். இரண்டையும் சம அளவில் கலந்தால் கிடைக்கும் உலோகம் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் போல நொறுங்கும். இடித்துப் பொடியாக்க அதைவிட வசதி வேறில்லை. கலவைக்குள் பிறக்கும், 17 மெக்னீசிய அணுவுக்கு 12 அலுமினிய அணு என்ற கணக்கில் அமைந்த ஒரு சேர்மம் இந்த நொறுங்கும் குணத்தில் முக்கியப் பங்கு வகிக்கிறது. அதே சேர்மம் சக்கரத்திலும் இருக்கிறது. சக்கரம் வார்க்கப் பெயர்பெற்ற ஏஇசட் 91 என்ற கலவையில் அலுமினியம் நூற்றுக்கு 9 பங்கு, துத்தநாகம் 1 பங்குக்குச் சற்றுக் குறைவு, மீதி மெக்னீசியம். அந்த அளவில் சேர்மம் நுண்ணிய துகள்களாகச் சிதறி நின்று உலோகத்துக்கு வலு தருகிறது. அளவு மீறினால் உடைய வைப்பதும், அளவோடு நின்றால் தாங்க வைப்பதும் ஒரே பொருள். எனக்கு உலோகவியலில் மிகப் பிடித்த செய்தி இது.

பொடி நொடியில் எரிகிறது, சக்கரம் பந்தயச் சூட்டிலும் எரிவதில்லை. காரணம் பரப்பு. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் வெளிப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே பத்து மைக்ரான் கனசதுரங்களாக நறுக்கினால் மொத்தப் பரப்பு 6,000 சதுர சென்டிமீட்டர் ஆகிவிடும். உலோகம் அதேதான், காற்றைத் தொடும் இடம் ஆயிரம் மடங்கு. பொடியின் ஒரு துகள் சூடேறினால் அந்தச் சூடு வெளியேறப் போக்கிடம் இல்லை. கனத்த சக்கரத்தில் ஓரிடத்தில் பட்ட சூடு உடம்பு முழுவதும் பரவிக் கரைந்துவிடும். மொத்தமும் உருகுநிலையை நெருங்கினால்தான் ஆபத்து.

நெருங்கிவிட்டால் அணைப்பது பெரும்பாடு. 1955 ஜூன் 11 அன்று பிரான்சின் லெ மான் பந்தயத்தில் ஒரு மெர்சிடிஸ் கார் கூட்டத்துக்குள் பாய்ந்து 80க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் உடல் தகடு மெக்னீசியக் கலவை. தண்ணீர் பட்டதும் தீ மேலும் மூர்க்கமானது. 1968இல் ருவான் பந்தயத்தில் ஷ்லெஸ்ஸர் ஓட்டிய ஹோண்டா காரும் மெக்னீசிய உடலோடு எரிந்து அவர் உயிர் போயிற்று. எரியும் மெக்னீசியம் தண்ணீரிலிருந்து ஆக்சிஜனைப் பறித்து ஹைட்ரஜனை வெளியே விடும். அந்த ஹைட்ரஜன் எரியும். கரியமில வாயுவை அடித்தால் அதையும் உடைத்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியை மிச்சம் வைக்கும். உலோகத் தீக்கென்றே செய்த உலர் பொடிதான் ஒரே வழி. பழைய சக்கரத்தைப் பட்டறையில் தொடுகிற எவரும் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இது. இரும்பு அரைத்த கிரைண்டரில் மெக்னீசியத்தை அரைக்கக் கூடாது. இரும்புப் பொறி மெக்னீசியத் தூளில் விழுந்தால் போதும். லேத்தில் கடையும்போது கூரான உளியால் தடித்த சீவலாக எடுக்க வேண்டும், மாலையில் சீவலைக் கூட்டி மூடிய தகர டப்பாவில் போட வேண்டும். மருந்தைக் குறைந்த அளவில் வைத்துக்கொள், தூளைத் தேங்க விடாதே, உராய்வைத் தவிர் என்று பட்டாசு ஆலைகளில் சொல்லும் ஒழுங்கு இங்கேயும் அப்படியே பொருந்தும். அந்த ஒழுங்கு தவறியதற்கு நம் மாவட்டம் கொடுத்த உயிர்விலை ஊருக்கே தெரியும்.

எரியாத சக்கரமும் மெல்ல மெல்ல அழிந்துகொண்டுதான் இருக்கிறது. கட்டுமான உலோகங்களில் மெக்னீசியமே வேதிவினைக்கு மிக அவசரப்படுவது. அலுமினியம் காற்றில் பட்டதும் மேலே ஓர் ஆக்சைடு தோல் உருவாகி உள்ளே இருப்பதைக் காக்கும். 100 பங்கு அலுமினியம் இருந்த இடத்தில் 128 பங்கு ஆக்சைடு வருவதால் தோல் நெருக்கமாக மூடிக்கொள்ளும். மெக்னீசியத்திலோ 100 பங்கு இருந்த இடத்தில் 81 பங்கு ஆக்சைடுதான் வரும். மூட வேண்டிய இடத்துக்குத் துணி போதாமல் இடைவெளி விழுகிறது. அதில் ஈரமும் உப்பும் இறங்கும். எஃகு போல்ட்டும் நட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் தேங்கினால் அங்கே ஒரு மின்கலமே உருவாகி, மெக்னீசியம் தன்னைக் கரைத்து எஃகைக் காப்பாற்றும்.

சக்கரத்துக்குள்ளேயே கலந்துகிடக்கும் இரும்பும் இதே வேலையைச் செய்யும். 1942இல் அமெரிக்காவின் டௌ நிறுவன ஆய்வாளர் ஹனவால்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் இதை அளந்து வெளியிட்டார்கள். சுத்த மெக்னீசியத்தில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 170 பங்கு இரும்பு வரை பொறுத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் உப்புநீரில் அரிப்பு திடீரென்று பலமடங்கு ஏறும். நிக்கல் அதைவிடக் கெடுதல். இருந்தும், மாசு மிகக் குறைந்த வார்ப்புக் கலவை பரவலாகச் சந்தைக்கு வந்தது 1980களில்தான். ஆகவே 1960, 70களின் சக்கரங்கள் பிறக்கும்போதே அரிப்புக்கான விதையோடு பிறந்தவை. இன்று நல்ல நிலையில் அவை கிடைப்பது அரிது என்பதற்கு முதல் காரணம் இந்த வேதியியல். சேகரிப்பவர்களின் போட்டி அதற்குப் பிறகுதான்.

இந்த இடத்தில் விருதுநகர் வட்டாரத்துக்கு ஒரு பெருமை உண்டு. தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேர்விட உதவியவற்றில் ஒன்று மழை குறைந்த வறண்ட காற்று. ஈரக் காற்று உலோகப் பொடிக்குப் பகை. அதே ஈரமும் கடலுப்பும் சேர்ந்த சென்னைக் காற்றில் மெக்னீசியச் சக்கரம் வெள்ளைப் பொடி பூத்துக் கரையும்போது, கடலிலிருந்து விலகிய நம் பக்கத்துக் கிடங்கில் அது நெடுங்காலம் தாங்கும்.

அரிப்பைத் தடுக்கும் முறையிலும் உறவு தொடர்கிறது. மெக்னீசியப் பொடியைப் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலில் நனைத்து மேல்பூச்சு ஏற்றினால் அது ஈரத்தைத் தாங்கும் என்பது வாணவேடிக்கை வேதியியலில் பழைய பாடம். பந்தயச் சக்கரத்தையும் வர்ணம் அடிப்பதற்கு முன் டைகுரோமேட்டில்தான் முக்கினார்கள். 1922இல் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தொடங்கிவைத்த தீப்பெட்டித் தொழிலில், குச்சி முனை மருந்தில் சிறிதளவு சேர்வதும் அதே ஆரஞ்சு நிற உப்பு. அது புற்றுநோய் வரவழைக்கக்கூடியது என்பதால் இப்போது வேறு பூச்சுகள் வந்துவிட்டன. வீட்டில் வைத்துச் செய்து பார்க்க வேண்டாம்.

சரி, எங்கோ தேடி ஒரு பழைய சக்கரம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். போல்ட் வட்டத்தின் விட்டம், நடுத்துளை, விளிம்பு அகலம், ஹப் முகம் மையத்திலிருந்து விலகி நிற்கும் தூரம் எல்லாம் பொருந்துகின்றன. மாட்டலாமா? மாட்டக் கூடாது. டயரோடு சேர்ந்த சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர் என்றால் 1 கிலோமீட்டருக்கு 500 சுற்று. 2,000 கிலோமீட்டரில் பத்து லட்சம் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு ஆரமும் ஒருமுறை வளைந்து நிமிர்கிறது. களைப்பு விரிசல் போல்ட் துளை ஓரத்திலும் ஆரம் விளிம்போடு சேரும் மூலையிலும் மயிரிழையாகத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாது, ஒருநாள் வளைவில் மொத்தமாக விட்டுக்கொடுக்கும்.

வர்ணத்தை வேதிக்கரைசலால் உரித்து, சிவப்புச் சாயம் ஊடுருவ விட்டு, துடைத்து, மேலே வெள்ளைப் பொடி தெளித்தால், விரிசலுக்குள் ஒளிந்த சாயம் கசிந்து கோடாகத் தெரியும். திருச்சி பாய்லர் தொழிலைச் சுற்றியுள்ள பட்டறைகளில் வெல்டிங்கைப் பரிசோதிக்க அன்றாடம் செய்வது இதுதான்; கருவி விலை அதிகமில்லை. மணல் வீசி உரிப்பது மட்டும் கூடாது, அது விரிசலின் வாயை நசுக்கி மூடிவிடும். உள்ளே இருக்கும் காற்றுக் குழிகளுக்கு எக்ஸ்ரே வேண்டும். காந்தப் பொடிச் சோதனை பலிக்காது, மெக்னீசியத்தைக் காந்தம் ஈர்க்காது.

தேறாத சக்கரத்தைப் பற்றவைத்து ஓட்ட நினைப்பவர்களை நான் ஆதரிக்கவே மாட்டேன். புதிதாக வார்ப்பதுதான் நேர்மையான வழி. அதிலும் ஒரு கண்ணி உண்டு. உருகிய உலோகம் உறைந்து ஆறும்போது நீளத்தில் நூற்றுக்கு 1.3 அளவில் சுருங்கும். பழைய சக்கரத்தையே அச்சாக வைத்து மணலில் அழுத்தி வார்த்தால் 330 மில்லிமீட்டர் விளிம்பில் 4 மில்லிமீட்டர் குறைந்துவிடும், டயர் உட்காராது. பழையதை அளந்து, சுருக்கமும் கடைசல் கழிவும் சேர்த்துப் பெரிதாக்கிய அச்சு செய்ய வேண்டும்.

வார்ப்பில்தான் சிவகாசிக்காரர் எவரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும் செய்தி இருக்கிறது. உருகிய மெக்னீசியம் காற்றைக் கண்டாலே தீப்பிடிக்கும், மணலின் ஈரத்தோடும் வினைபுரியும். இதைத் தடுக்கப் பழைய மெக்னீசிய வார்ப்பாலைகளில் மணலோடு கலந்தது கந்தகமும் போரிக் அமிலமும். ஊற்றும்போது உலோகத்தின் மேல் கந்தகப் பொடியைத் தூவுவார்கள். கந்தகம் எரிந்து வரும் வாயு மேற்பரப்பில் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கும். போரிக் அமிலமோ, அலுமினியப் பொடியும் நைட்ரேட்டும் ஈரத்தில் சூடேறாமல் இருக்கப் பட்டாசுக் கலவையில் சேர்க்கும் அதே பொருள். கந்தக பூமி என்று பெயர் வாங்கிய வட்டாரத்தில் தீ மூட்டும் கந்தகம், வார்ப்பாலையில் தீயைத் தள்ளி நிறுத்துகிறது.

மூலப்பொருளும் தூரத்தில் இல்லை. சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் மெக்னீசைட் தாது இருக்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு 1.3 கிராம் மெக்னீசியம் கரைந்திருக்கிறது. உப்பளத்தில் உப்பெடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரில் அது செறிந்து கிடக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம், மின்பகுப்பால் மெக்னீசியம் எடுக்கும் முறையை உருவாக்கியது. அந்த முறையில் ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் ஓர் ஆலையே நடந்தது. பிறகு மூடிவிட்டார்கள். இன்று உலகின் மெக்னீசியத்தில் மிகப் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. திருமங்கலத்தில் உலோகப் பொடி அரைக்கும் மெப்கோ இருக்கிறது. அதன் பெயரைத் தாங்கிய பொறியியல் கல்லூரி 1984 முதல் சிவகாசியில் நடக்கிறது. தாது, மின்வேதியியல், பொடி, வார்ப்பு என எல்லா அறிவும் சில மணிநேரப் பயணத்துக்குள் கிடக்கிறது. பழைய பந்தயச் சக்கரம் ஒன்றை அளந்து, கலவை பார்த்து, திரும்ப வார்ப்பதைவிட நல்ல மாணவர் திட்டப்பணி எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தக் காலத்துப் பந்தயத்தோடு தொடர்புள்ள வீடுகளிலும் பட்டறைகளிலும் கிடங்குகளிலும் இப்படியொரு சக்கரம் கிடக்கலாம். நம் பட்டறைகளில் அலுமினியச் சக்கரத்தையும் மேக் வீல் என்றே சொல்வதால் பெயரை நம்பாதீர்கள். உட்புறத்தில் வர்ணம் உதிர்ந்த இடத்தைச் சுத்தமாகச் சுரண்டி ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். உடனே நுரைத்தால் மெக்னீசியம். சும்மா கிடந்தால் அலுமினியம். சோதித்த இடத்தை நன்றாகக் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவி, எஃகைத் தொடாமல் உலர்ந்த இடத்தில் வையுங்கள். அதை ஓட்ட முடியாமல் போகலாம். அடுத்த சக்கரத்துக்கு அளவு சொல்ல அது ஒன்றுதான் மிச்சமிருக்கும். எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.